முகம் தெரியாத ஹோஸ்ட் குடும்பத்திடம் பிள்ளையை ஒரு கல்வியாண்டு அனுப்புவது: கையெழுத்துக்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

மழைநிழல்

என் மகளுக்குப் பதினாறு வயது. அமெரிக்காவில் ஒரு கல்வியாண்டு உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் எக்ஸ்சேஞ்ச் திட்டத்துக்குத் தேர்வாகியிருக்கிறாள். ஜே-1 விசா, அதாவது எக்ஸ்சேஞ்ச் திட்டத்தில் போகிறவர்களுக்கான விசா. விடுதி கிடையாது, அங்குள்ள ஒரு குடும்பத்தோடுதான் தங்க வேண்டும். ஒப்பந்தம் வீட்டுக்கு வந்துவிட்டது. நானும் அவள் அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

விண்ணப்பம், மொழித் தேர்வு, நேர்காணல் எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொண்டாள். அதுவரை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒப்பந்தத்தைப் படித்த பிறகு வயிற்றைக் கலக்குகிறது. எந்த ஊர், எந்தக் குடும்பம் என்பது இன்னும் தெரியாது. ஹோஸ்ட் குடும்பத்துக்குப் பணம் எதுவும் தருவதில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அறை கொடுத்து, சாப்பாடு போட்டு, பள்ளிக்கு அனுப்பி, யாரோ பெற்ற பிள்ளையைப் பத்து மாதம் ஏன் சும்மா வைத்துக்கொள்ள வேண்டும்?

என் நாத்தனார் அங்கேதான் இருக்கிறார். அவர் வீட்டில் தங்கட்டுமே என்றால் முடியாது என்கிறார்கள். அதுவும் ஏன் என்று புரியவில்லை.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். "பயப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்ற பதில் மட்டும் வேண்டாம். வீட்டிலேயே அதை நிறையக் கேட்டாகிவிட்டது.

பழையசைக்கிள்

யாரும் எதையும் சும்மா செய்வதில்லை மேடம். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் சம்பளம் இல்லாத ஆயா கிடைத்தாள் என்று அர்த்தம். இல்லாவிட்டால் அரசாங்கத்திடமிருந்து சுற்றி வளைத்து ஏதோ வருகிறது. கல்லூரிக்குப் போகட்டும், பதினெட்டு தாண்டட்டும், அப்புறம் உலகத்தைச் சுற்றட்டும். என் மகளாக இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன்.

எண்கோணம்

சில காலம் அமெரிக்காவில் இப்படிப்பட்ட ஒரு திட்டத்துக்கு உள்ளூர் கோஆர்டினேட்டராக, அதாவது குடும்பங்களைத் தேடி, மாணவர்களைக் கவனித்துக்கொள்பவராக இருந்தேன். இப்போது இல்லை, அதனால் ஆள் பிடிக்கும் அவசியமும் எனக்கில்லை.

பணத்தை முதலில் முடித்துவிடுவோம். ஜே-1 பள்ளி மாணவர் திட்டத்தில் ஹோஸ்ட் குடும்பத்துக்குச் சம்பளம் கிடையாது. வருமான வரிக் கணக்கில் மாதத்துக்கு 50 டாலர் வரை நன்கொடைச் செலவாகக் காட்டலாம், அவ்வளவுதான். கையில் வரும் காசு இல்லை அது, வரி போடும் வருமானத்தில் கழிகிற தொகை. வளரும் பிள்ளை ஒரு வாரம் சாப்பிடுவதற்குக்கூட அது காணாது. காசு வாங்கிக்கொண்டு மாணவர்களை வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. எஃப்-1 என்ற படிப்பு விசாவில் தனியார் பள்ளிக்குப் போகிறவர்கள், கனடாவிலும் நியூசிலாந்திலும் கட்டணம் கட்டிப் படிக்கிறவர்கள் தங்குவது பெரும்பாலும் அந்த மாதிரி வீடுகளில். அது வேறு ஏற்பாடு. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

இந்தச் சும்மா வைத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஏஎஃப்எஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் அமைப்பு 1915இல் பிரான்சின் போர்க்களத்தில் காயம்பட்டவர்களை ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தன்னார்வ ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரும் முடிந்த பின், 1947இல், அவர்கள் பள்ளி மாணவர்களைக் குடும்பங்களில் தங்கவைக்கும் திட்டத்தை ஆரம்பித்தார்கள். 1951இல் ஜெர்மன் பதின்வயதினரை அமெரிக்க வீடுகளுக்கு அழைத்து வந்ததிலிருந்து வளர்ந்தது ஒய்எஃப்யூ என்ற இன்னொரு அமைப்பு. நேற்றுவரை எதிரி நாடு, இன்று அந்த நாட்டுப் பிள்ளை நம் வீட்டு மேஜையில். காசு அந்த யோசனைக்குள் வரவே இல்லை.

ஆயா வேலை பற்றி: மாணவர் முழுநேரமோ பகுதிநேரமோ வேலை பார்க்கக் கூடாது. எப்போதாவது அக்கம்பக்கத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது, புல் வெட்டுவது மாதிரிச் சில்லறை வேலைகளுக்கு அனுமதி உண்டு. தட்டு கழுவுவது, தன் துணியைத் துவைப்பது, குப்பையை வெளியே வைப்பது வேலைக் கணக்கில் வராது. அந்த வீட்டுப் பிள்ளைகளும் அதைத்தான் செய்வார்கள். தினமும் பள்ளி விட்டு வந்ததும் இரண்டு குழந்தைகளை ராத்திரிவரை நீதான் பார்க்க வேண்டும் என்றால் அது விதிமீறல், உடனே சொல்ல வேண்டும்.

நாத்தனார் வீடு நடக்காது. உறவினர் வீட்டில் மாணவரை வைக்க விதியே இடம் தருவதில்லை. பிள்ளை புதிய குடும்பத்தோடு வாழத்தான் இந்தத் திட்டம்.

இனிக் குடும்பத்தை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பது. அமெரிக்க வெளியுறவுத் துறை இதற்கு எழுத்தில் விதிகள் வைத்திருக்கிறது. வீட்டில் வசிக்கும் 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. நடுவில் புதிதாக ஒருவர் குடிவந்தால் அவருக்கும், அந்த வீட்டுப் பிள்ளைக்கே 18 ஆனால் அந்தப் பிள்ளைக்கும் செய்ய வேண்டும். வீட்டுக்கு நேரில் போய் அங்கே இருக்கும் ஒவ்வொருவரிடமும் பேச வேண்டும். மாணவருக்கென்று தனிக் கட்டில் இருக்க வேண்டும். சோபாவை விரித்துக் கட்டிலாக்குவது, காற்றடைத்த மெத்தை போடுவது எல்லாம் ஆகாது. அறையைப் பகிரலாம், ஆனால் ஒரே ஒருவரோடு, அவரும் அதே பாலினமாக இருக்க வேண்டும். தீப்பிடித்தால் தடையில்லாமல் வெளியேற வழி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். உறவினர் அல்லாத இரண்டு பேரிடம் அந்தக் குடும்பத்தைப் பற்றி விசாரிப்பார்கள்.

வடகரை

நான் மறுபக்கத்து ஆள். இங்கே அமெரிக்காவில் எங்கள் வீட்டில் வேறு வேறு நாட்டுப் பிள்ளைகள் தங்கிப் படித்திருக்கிறார்கள்.

ஏன் என்று கேட்டால் உன்னதமான காரணம் எதுவும் இல்லை. என் பெரியவன் கல்லூரிக்குப் போனான், அவன் அறை காலியானது, சின்னவள் வீட்டில் பேச ஆளில்லாமல் திரிந்தாள். பக்கத்துத் தெருவில் ஒரு கோஆர்டினேட்டர் இருந்தார். அப்படித்தான் ஆரம்பித்தது. மழைநிழல், நீங்கள் எங்களைப் பார்த்துப் பயப்படுகிற மாதிரி நாங்களும் உங்கள் பிள்ளையைப் பார்த்துப் பயப்படுகிறோம். எங்கள் கையிலும் ஒரு விண்ணப்பமும் ஒரு கடிதமும்தான் இருக்கிறது. என் மாமனார் எங்களோடு இருக்கிறார். அவரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். கைரேகை கொடுக்கச் சொன்னபோது "இந்த வயதில் என்னைத் திருடனாக்கிவிட்டாயே அம்மா" என்று ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பெரிய விஷயங்களில் சண்டை வருவது அபூர்வம். குளியலறையில் எவ்வளவு நேரம், அறைக் கதவை எப்போதும் சாத்தி வைப்பது, எங்கே போகிறேன் என்று சொல்லாமல் நண்பர்களோடு கிளம்பிவிடுவது, இந்த மாதிரிதான் புகைச்சல் வரும். விருந்தாளியாகவே கடைசிவரை இருந்துவிடும் பிள்ளைகளோடுதான் எங்களுக்குக் கஷ்டம். கேட்டால் சிரிப்பார்கள், கேட்காவிட்டால் அறையை விட்டு வரமாட்டார்கள். கோபித்துக்கொண்டு கதவை அறைந்து சாத்தும் பிள்ளை எவ்வளவோ மேல், அது வீட்டுப் பிள்ளையாகிவிட்டது.

பழையசைக்கிள்

வடகரை அம்மாவைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. நல்லவர்கள் இருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எண்கோணம் சொல்லும் பின்னணிச் சோதனை, ஏற்கெனவே பிடிபட்டவனைத்தான் காட்டிக்கொடுக்கும். பிடிபடாதவனை என்ன செய்யும்?

இன்னொன்று. குடும்பத்தைத் தேடிப் பிடிப்பதும் இந்தக் கோஆர்டினேட்டர்தான். அதே ஊர், அதே தெரு, ஒருவேளை சிநேகிதி. நாளைக்கு என் பெண் "இந்த வீட்டில் எனக்குப் பிடிக்கவில்லை" என்றால் அவர் யார் பேச்சைக் கேட்பார்? பக்கத்து வீட்டுக்காரி பேச்சையா, எங்கிருந்தோ வந்த பதினாறு வயசுப் பிள்ளை பேச்சையா?

எண்கோணம்

இந்த இழையில் வந்ததிலேயே சரியான கேள்வி இது. இந்தப் பயம் விதி எழுதியவர்களுக்கும் இருந்திருக்கிறது. அதனால்தான் மாணவர் போய்ச் சேர்ந்த முதல் அல்லது இரண்டாம் மாதத்துக்குள் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தவர் அல்லாத இன்னொரு பிரதிநிதி வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அப்புறம் மாதத்துக்கு ஒருமுறையாவது மாணவரோடும் குடும்பத்தோடும் பேச வேண்டும். கோஆர்டினேட்டர் 120 மைலுக்கு, அதாவது சுமார் 193 கிலோமீட்டருக்கு, அப்பால் இருக்கக் கூடாது. மாணவர் கையில் ஓர் அட்டை இருக்கும். அதில் திட்டத்தை நடத்தும் அமைப்பின் அவசர எண், கோஆர்டினேட்டர் எண், வெளியுறவுத் துறையின் எண் எல்லாம் அச்சாகியிருக்கும். கோஆர்டினேட்டர் கேட்காவிட்டால் அவருக்கு மேலே, அமைப்பும் கேட்காவிட்டால் அதற்கும் மேலே போகலாம்.

தாளில் இருப்பதெல்லாம் நடக்கிறதா என்று அடுத்துக் கேட்பீர்கள். நல்ல அமைப்பில் நடக்கிறது. சோம்பேறி அமைப்பில் "எல்லாம் நலமா, நலம்" என்ற இரண்டு வரிக் குறுஞ்செய்தியோடு மாதாந்திர அறிக்கை முடிந்துவிடுகிறது.

நீலத்தாள்

அந்த இரண்டு வரிக் குறுஞ்செய்தியில் வாழ்ந்தவள் நான். ஜெர்மனி, ஒரு கல்வியாண்டு. இப்போது வேலைக்குப் போகிறேன். அதனால் பழைய கோபம் இல்லாமல் எழுத முடிகிறது என்று நினைக்கிறேன்.

என் முதல் குடும்பம் காகிதத்தில் அப்பழுக்கில்லாதது. இரண்டு பிள்ளைகள், தோட்டம், நாய், தேவாலயப் பாடகர் குழு. யாரும் என்னைத் திட்டவில்லை, தொடவில்லை, பட்டினி போடவில்லை. ஆனால் கணவனும் மனைவியும் பிரியும் கட்டத்தில் இருந்தார்கள். விண்ணப்பம் போட்டபோது அப்படி இல்லையாம். ராத்திரியில் சத்தம், காலையில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. நான் என்ற ஒரு பெண் அந்த வீட்டில் இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

கோஆர்டினேட்டர் வந்தார். காபி குடித்தார். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, "உனக்கு இங்கே எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார். வேறென்ன பதில் சொல்வேன்? சரியாக இருக்கிறது என்றேன். அவர் எழுதிக்கொண்டு போனார்.

கடைசியில் என் வகுப்பாசிரியைதான் கவனித்தார். பள்ளி முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறாளே என்று. அவர் அமைப்பின் தலைமை அலுவலகத்தோடு பேசினார். எனக்கு வேறு குடும்பம் கிடைத்தது. ஓய்வுபெற்ற ஒரு தம்பதி, பிள்ளைகள் வெளியூரில். காகிதத்தில் பார்த்தால் என் அப்பா அந்தக் குடும்பத்தை நிராகரித்திருப்பார். "வயதானவர்கள், வீட்டில் பேச்சுத் துணை இல்லை" என்று. என் ஜெர்மன் மொழி முழுவதும் அந்தச் சமையலறையில் வந்தது.

அதனால் மழைநிழல் அக்கா, குடும்பத்தின் புகைப்படத்தை உற்று உற்றுப் பார்ப்பதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். இந்த மூன்றையும் அமைப்பிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். கோஆர்டினேட்டர் பிள்ளையோடு தனியாக, வீட்டுக்கு வெளியே பேசுவாரா? குடும்பம் மாற்றக் கேட்டால் எத்தனை நாளில் முடிவு சொல்வார்கள், அதுவரை எங்கே தங்கவைப்பார்கள்? மாற்றக் கேட்டது பிள்ளைக்கு எதிரான குறிப்பாகப் பதிவாகுமா? இவற்றுக்கு மழுப்பினால் குடும்பம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மழைநிழல்

நீலத்தாள், உங்கள் பதிலை மகளிடம் படிக்கக் கொடுத்தேன். "அம்மா, எனக்கும் இப்படித்தான் ஆகும், நான் சரியா இருக்குன்னுதான் சொல்வேன்" என்றாள். அதைக் கேட்டுப் பயம் கூடியதா குறைந்ததா என்றே தெரியவில்லை.

இன்னொரு பிரச்சினை. ஆரம்பத்தில் வீட்டுக்கு வாரம் ஒருமுறைக்கு மேல் அழைக்க வேண்டாம் என்று கையேட்டில் போட்டிருக்கிறார்கள். முதல் பாதியில் பெற்றோர் வந்து பார்க்கவும் கூடாதாம். இதை எப்படி ஒத்துக்கொள்வது? என் பிள்ளையோடு பேச எனக்கு யார் ரேஷன் போடுவது?

சுண்டெலி_16

வணக்கம் எல்லோருக்கும். நான் இப்போது எக்ஸ்சேஞ்சில்தான் இருக்கிறேன், அமெரிக்காதான். ஆன்டி, உண்மையைச் சொல்லட்டுமா? நான் வந்த புதிதில் தினமும் ராத்திரி அம்மாவோடு வீடியோ கால். அம்மா அழுவாங்க, அப்புறம் நான் அழுவேன், அப்புறம் தூக்கம் போயிடும், காலையில் பஸ்ஸை விட்டுடுவேன். எனக்கு ராத்திரி என்றால் அங்கே காலை, அம்மா அலுவலகத்துக்கு லேட். ஹோஸ்ட் அப்பா ஒருநாள், "சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே நீ வேறு நாட்டில் இருக்கிறாய்" என்றார். திட்டவில்லை, சும்மாதான் சொன்னார். இப்போது ஞாயிறு மட்டும் பேசுகிறோம். நடுவில் மெசேஜ் போடுவேன், ஏதாவது வேடிக்கையாக இருந்தால் போட்டோ அனுப்புவேன். சோகமான மெசேஜை மட்டும் ஒருநாள் தாமதமாக அனுப்புவேன். மறுநாள் பார்த்தால் பெரும்பாலும் அனுப்பத் தேவையிருக்காது.

இன்னொரு டிப்ஸ், அக்காவிடம் சொல்லுங்கள். சாப்பிடுகிறாயா என்று இங்கே ஒருமுறைதான் கேட்பார்கள். மரியாதைக்கு வேண்டாம் என்று சொன்னால் மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவார்கள். முதல் வாரம் நான் பட்டினி 😅

வடகரை

சுண்டெலி தம்பி, உன் ஹோஸ்ட் அப்பாவுக்கு என் அனுதாபங்கள்.

மழைநிழல், அந்த வாரம் ஒருமுறை பெரும்பாலும் ஆலோசனைதான், சிறைச்சாலை விதி போல எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டில் இருந்த ஒரு பெண் காலையில் என்ன உடை போடுவது என்பதைக்கூடத் தன் அம்மாவிடம் கேட்டுத்தான் போடுவாள். பள்ளியில் சின்னப் பிரச்சினை வந்தால் எனக்கு முன் அவள் அம்மாவுக்குத் தெரியும். அவர் அங்கிருந்து அமைப்புக்கு மின்னஞ்சல் அனுப்புவார், அமைப்பு கோஆர்டினேட்டரைக் கூப்பிடும், அவர் என்னைக் கூப்பிடுவார். அடுத்த அறையில் இருக்கும் பிள்ளைக்குத் தலைவலி என்பது உலகத்தைச் சுற்றி எனக்கு வரும். கேட்டால் சிரிப்பாக இருக்கிறது, அப்போது அப்படி இல்லை.

ஆனால் ஒன்றை உறுதியாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் கணக்கே கிடையாது, எந்த நேரமும் அழைக்கலாம். எந்தக் குடும்பமாவது பிள்ளையின் போனை வாங்கி வைத்துக்கொண்டு பெற்றோரோடு பேசவே விடவில்லை என்றால் அது ஆலோசனை இல்லை, அபாய மணி.

நீலத்தாள்

மகள் சொன்னதற்கு ஒரு வழி. உங்களுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த ஒரு சாதாரண வாக்கியத்தை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யார் கேட்டுக்கொண்டிருந்தாலும் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். அதைச் சொன்னால், "நான் தனியாகப் பேச வேண்டும், நீங்கள் தலைமை அலுவலகத்தைக் கூப்பிடுங்கள்" என்று பொருள். எனக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் நூலகத்தில் அத்தனை மாலைகள் உட்கார்ந்திருக்க மாட்டேன். புறப்படும் முன் வீட்டிலேயே நடித்துப் பார்க்கவும் செய்யுங்கள். நீங்கள் கோஆர்டினேட்டர், அவள் மாணவி. "இல்லை, எனக்கு இங்கே சரியாக இல்லை" என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். மொழித் தேர்வில் அதைக் கேட்பதில்லை.

கரும்பலகை

பள்ளி ஆசிரியர் என்ற முறையில் ஒன்று. எல்லோரும் குடும்பத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், படிப்பை மறந்துவிட்டீர்கள். அங்கே படிக்கும் ஆண்டை உங்கள் பள்ளி ஏற்குமா, திரும்பி வந்து அதே வகுப்பில் உட்கார வேண்டுமா என்பதைப் புறப்படும் முன்பே தலைமையாசிரியரிடம் எழுத்தில் வாங்குங்கள். அமெரிக்கப் பள்ளி எந்த வகுப்பில் சேர்ப்பது, பள்ளி முடித்த சான்றிதழ் தருவதா இல்லையா என்பதெல்லாம் அந்தப் பள்ளியின் முடிவு, அமைப்பு உறுதி தர முடியாது. திரும்பும்போது மதிப்பெண் பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பாடத்திலும் என்ன படித்தார்கள் என்ற பாடத்திட்ட விவரத்தையும் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் எதற்கு எது சமம் என்று எங்களால் பார்க்க முடியாது. தடுப்பூசிச் சான்றுகளும் முக்கியம். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், ஒரு ஊசி விட்டுப்போனாலும் பள்ளிக்குள் விடாமல் நிறுத்திவைப்பார்கள்.

பிள்ளை சோர்ந்துபோவது பற்றியும் ஒரு வார்த்தை. 1955இல் லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர், அமெரிக்கா போய் வந்த நார்வேக்காரர்களை வைத்து, முதலில் உற்சாகம், நடுவில் சரிவு, அப்புறம் ஏற்றம் என்று ஒரு வளைவு வரைந்தார். 1963இல் வீடு திரும்பிய பிறகு இன்னொரு சரிவும் வரும் என்று குல்லஹார்ன் தம்பதி சேர்த்தார்கள். நடுவில் வரும் சரிவைப் பார்த்துப் பயந்து பிள்ளையைத் திரும்ப அழைத்துவிடாதீர்கள்.

நீலத்தாள்

சார், அந்த வளைவை எங்கள் பயிற்சி முகாமிலும் பலகையில் வரைந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் பலவற்றில் அது அப்படியே அமையவில்லை, நிறையப் பேருக்கு ஆரம்பம்தான் மிக மோசம். எனக்கும் உற்சாகம் என்ற முதல் கட்டமே வரவில்லை, இறங்கிய அன்றே அழுகை. வளைவை நம்பி "இது நடுச்சரிவு, பொறுத்துக்கொள்" என்று சொல்வதில் ஒரு ஆபத்து உண்டு. என் விஷயத்தில் அது சரிவே இல்லை, வீடுதான் சரியில்லை. ஊர் ஏக்கம் என்றால் எங்கே போனாலும் கூடவே வரும். ஒரு குறிப்பிட்ட வீட்டுக் கதவைத் திறக்கும்போது மட்டும் வயிறு சுருங்கினால் அது ஏக்கம் இல்லை.

நீங்கள் சொன்ன இரண்டாவது சரிவு மட்டும் எனக்கு நிஜம். திரும்பி வந்தபோது என் அறையில் தங்கை குடியேறியிருந்தாள். கொண்டு வந்த கதைகளைக் கேட்க எல்லோருக்கும் இருந்த பொறுமை ஒரு மாலைப்பொழுது மட்டுமே.

மழைநிழல்

குடும்பத்தின் விவரம் வந்துவிட்டது! எதிர்பார்த்த மாதிரி இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, தனியாக இருக்கிறார், பிள்ளைகள் இல்லை. வேறு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு மாணவியும் அதே வீட்டுக்கு வருகிறாள். சிறிய ஊர். என் மகளின் அப்பா உடனே வேண்டாம் என்கிறார். அவளோ புகைப்படத்தில் இருக்கும் இரண்டு பூனைகளைப் பார்த்து முடிவே செய்துவிட்டாள். என்ன செய்வது?

எண்கோணம்

இந்த மாதிரி ஏற்பாட்டுக்கென்றே தனி விதிகள் உண்டு. பள்ளி வயதுப் பிள்ளை இல்லாமல் தனியாக வசிக்கும் ஒருவர் ஹோஸ்ட் என்றால் இரண்டாம் கட்டமாக இன்னொருவர் அந்த விண்ணப்பத்தைச் சரிபார்க்க வேண்டும். அப்புறம் மாணவரும் பெற்றோரும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் தர வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கு மேல் வைக்க முடியாது, இரண்டு பேர் என்றால் அதற்கும் எழுத்துச் சம்மதம் தேவை. ஆக, நீங்கள் "இல்லை" என்று சொல்வதற்கு முழு உரிமை உண்டு. யாராவது "இதை விட்டால் இடமே இல்லை" என்று அவசரப்படுத்தினால் நிதானமாக இருங்கள்.

என் அனுபவத்தில் தனியாக இருக்கும் ஹோஸ்ட்கள் பலர் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் வேறு பிள்ளைகள் இல்லாததால் கவனம் முழுவதும் மாணவர் மேல்தான். குறை என்னவென்றால் அவருக்கு உடம்புக்கு வந்தாலோ வெளியூர் போனாலோ மாற்று ஆள் யார் என்பது. அதைக் கேளுங்கள். பள்ளி முடிந்து மாலை நிகழ்ச்சிகள் இருந்தால் யார் வண்டியில் கூட்டி வருவார் என்றும் கேளுங்கள். சிறிய ஊரில் பேருந்து இருக்காது, உங்கள் மகள் அங்கே வண்டி ஓட்டவும் கூடாது. வீட்டுக்கு அடிக்கடி வந்து தங்கும் உறவினர், நண்பர் யாராவது உண்டா என்பது கடைசிக் கேள்வி. பின்னணிச் சோதனை அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான், வந்து போகிறவர்களுக்கு இல்லை.

பழையசைக்கிள்

கடைசியாகச் சொன்னீர்களே, அதுதான் நான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பது. வந்து போகிறவன்.

சரி, முழுக்க எதிர்த்துப் பேசவில்லை. நீலத்தாள் சொன்ன ரகசிய வாக்கியம் நல்ல யோசனை, என் பெண் டியூஷன் போகும் வீட்டுக்கே அதை வைத்துக்கொள்ளப் போகிறேன். ஆனால் நான் அனுப்ப மாட்டேன் என்பதில் மாற்றம் இல்லை.

வடகரை

அது உங்கள் வீடு, உங்கள் முடிவு சார். எல்லாப் பிள்ளைகளும் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

மழைநிழல்

அந்தப் பெண்மணியோடு வீடியோவில் பேசினோம். நான் கேள்விகளை எழுதி வைத்திருந்தேன். மாற்று ஆள் யார் என்று கேட்டதும், அடுத்த தெருவில் இருக்கும் தன் தங்கையின் பெயரைச் சொல்லி, அவருக்கும் பின்னணிச் சோதனை செய்யச் சொல்லித் தானே அமைப்பிடம் கேட்டிருப்பதாகச் சொன்னார். அடிக்கடி வந்து தங்குகிறவர் யாரும் இல்லை என்றார். மாலையில் அழைத்து வருவதற்கு மட்டும் தெளிவான பதில் இல்லை. வேலை நேரம் வாரத்துக்கு வாரம் மாறுமாம், பள்ளியில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

நீலத்தாளின் மூன்று கேள்விகளையும் அமைப்புக்கு அனுப்பினேன். முதல் கேள்விக்கும் மூன்றாவதுக்கும் நேரடியான பதில் வந்தது. மாதம் ஒருமுறை பள்ளியிலேயே தனியாகச் சந்திப்பார்களாம், குடும்பம் மாற்றக் கேட்பது குற்றமாகப் பதிவாகாதாம். இரண்டாவதுக்கு "சூழ்நிலையைப் பொறுத்து" என்று எழுதியிருந்தார்கள். திரும்ப எழுதிக் கேட்டேன். அதுவரை கோஆர்டினேட்டர் வீட்டிலோ வேறொரு சரிபார்த்த குடும்பத்திலோ தங்கவைப்போம் என்று பதில் வந்திருக்கிறது. எத்தனை நாள் என்பதற்கு இன்னும் பதில் இல்லை, விடமாட்டேன்.

அவள் அப்பா பாதி இறங்கி வந்திருக்கிறார்.

எண்கோணம்

விடாதீர்கள். இப்படிக் கேட்கும் பெற்றோரை அலுவலகத்தில் தொல்லை என்று முணுமுணுப்பார்கள். ஆனால் அந்தக் கோப்பைத்தான் கவனமாகவும் பார்ப்பார்கள்.

இரண்டு சில்லறை விஷயங்கள். ஒன்று, இது அமெரிக்க அரசின் உதவித்தொகையா? 2002இல் தொடங்கிய கென்னடி-லூகர் யெஸ் மாதிரியான திட்டமா? அப்படியானால் திரும்பி வந்தபின் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற விதி பொருந்தும். அதை முடிக்காமல் அங்கே வேலை விசாவோ குடியேற்ற விசாவோ வாங்க முடியாது. படிப்பு விசாவுக்கு அந்தத் தடை இல்லை. சொந்தக் காசில் போனால் பொதுவாக இது வராது, இருந்தாலும் விசாத் தாளில் என்ன குறித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இன்னொன்று காப்பீடு. ஜே-1 விதிப்படி ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர் காப்பு இருக்க வேண்டும், அது இருக்கும். ஆனால் ஏற்கெனவே உள்ள நோய்கள், பல், கண்ணாடி ஆகியவற்றைப் பல திட்டங்கள் விட்டுவிடும். பாலிசியை வாங்கிப் படியுங்கள். பல் சொத்தை இருந்தால் புறப்படும் முன்பே அடைத்துவிடுங்கள், அங்கே போய் வலித்தால் கைக்காசுதான் போகும்.

சுண்டெலி_16

கண்ணாடி இரண்டு ஜோடி எடுத்து வரச் சொல்லுங்கள் ஆன்டி. என்னுடையதை ஹோஸ்ட் வீட்டு நாய் தின்றுவிட்டது. பூனை தின்னாது என்று நினைக்கிறேன்.

மழைநிழல்

சொந்தக் காசுதான் எண்கோணம், பாதிக்கு அமைப்பின் சலுகை இருக்கிறது. விசாத் தாள் வந்ததும் பார்க்கிறேன். பல் டாக்டரிடம் சனிக்கிழமை நேரம் வாங்கியாகிவிட்டது. கடைவாயில் ஒரு சொத்தை இருக்கிறதாம், இத்தனை நாள் என்னிடம் சொல்லவே இல்லை. கேட்டால், "வலிக்கலையே" என்கிறாள். "எனக்கு இங்கே சரியாக இல்லை" ஒத்திகையை இன்று ராத்திரியே ஆரம்பிக்கிறோம்.